பிள்ளை பிடிக்கிற ஆயா

பெங்களூர் அடுகோடியில் ஓசூர் ரோட்டை ஒட்டி இருந்த நர்ஸிங் ஹோம் ஒன்றில் சின்னத்தாயி வேலைக்குச் சேர்ந்தது 1991ல். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பெருக்கித் துடைக்கத்தான் எடுத்தார்கள். இரண்டாவது வாரமே எக்ஸ்ரே அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அதுவரை இருந்த ஆயா உண்டாகியிருந்தாள், இனி அந்த அறைக்குள் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த விஷயத்தை யாரும் சின்னத்தாயியிடம் சொல்லவில்லை.

எக்ஸ்ரே எடுப்பவர் பெயர் தியோடர். அதிர்ந்து பேசாத மனிதர். பெரியவர்கள் வந்தால் அவருக்குத் துணை ஆள் வேண்டியதில்லை. மூச்சை இழு, பிடி, விடு என்று சொன்னால் வேலை முடிந்தது. குழந்தைகள்தான் பாடு. தடுப்புக்குப் பின்னால் போய் நின்று அவர் பொத்தானை அமுக்குகிற அந்தக் கணத்தில் குழந்தை அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும், மறுபடியும் எடுக்க வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் குழந்தையோடு உள்ளே நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றவர்கள் பிடிப்பதுதான் முறை என்று தியோடர் எல்லோரிடமும் சொல்வார். கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஒரு அப்பா மெதுவாகக் கேட்பார், பிடிக்கிறவர் மேலேயும் கதிர் படுமா என்று. கொஞ்சம் படும், பயப்படுகிற அளவுக்கு இல்லை என்பார் தியோடர். அந்த அப்பா ஒரு எட்டு பின்னால் போய்விடுவார். அம்மாக்கள் இன்னும் நேராகச் சொல்வார்கள், எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும், நான் உள்ளே வரமாட்டேன் என்று. கடைசியில் எல்லோருடைய கண்ணும் சின்னத்தாயி மேல் வந்து நிற்கும். ஆயா பிடிக்கட்டுமே.

அவள் பிடித்தாள். அதில் அவளுக்கு ஒரு கைவாகு இருந்தது. முதலில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வாள். குழந்தையின் நெஞ்சில் ஒரு கை, முட்டிகள் இரண்டையும் சேர்த்து ஒரு கை. விட்டத்துப் பல்லியைக் காட்டுவாள். பல்லி இல்லாத நாளிலும் காட்டுவாள். அவள் பிடித்த படம் பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாக விழுந்துவிடும். நர்ஸுகள் விளையாட்டாக அவளைப் பிள்ளை பிடிக்கிற ஆயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வார்டில் அடம்பிடிக்கிற குழந்தைகளை அடக்கவும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள்.

வெளியே வந்து குழந்தையைக் கையில் கொடுக்கும்போது தாய்மார்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒண்ணும் ஆகாதும்மா என்பாள். கன்னடக்காரர்களாக இருந்தால், ஏனூ ஆகல்லம்மா. நீலசந்திராப் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் பெண்களிடம், குச் நை ஹோத்தா. மூன்று பாஷையிலும் நாளெல்லாம் அதையே சொன்னாள்.

தியோடரின் சட்டையில் எப்போதும் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிறதற்காக அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கோ அனுப்பிப் பார்ப்பார்கள். எனக்கு இல்லையா சார் என்று சின்னத்தாயி ஒரு தடவை கேட்டாள். டெக்னீஷியனுக்கு மட்டும்தான் தருவார்கள் என்றார். ஈயம் வைத்த ஏப்ரன் ஒன்று ஆணியில் தொங்கியது. மடிப்பு மடிப்பாக வெடித்துப்போனது. அதைப் போட்டுக்கொண்டு குனிந்து குழந்தையைப் பிடிக்க முடியாது. பாதி நாள் அது ஆணியிலேயே கிடந்தது.

1992ல் அவளுக்கு மூன்றாம் மாதம் கலைந்தது. 1994ல் மறுபடியும், இந்தத் தடவை ஐந்தாம் மாதம். வேலைக்கு வருவதற்கு முன்பே பிறந்த பெண் சங்கமித்ரா மட்டும்தான் தங்கினாள். லேடி டாக்டர் சௌம்யா ரத்தம் குறைவு என்றார். எக்ஸ்ரே ரூமாலயா டாக்டர் என்று சின்னத்தாயி கேட்டதற்கு, அப்படிச் சொல்ல முடியாது, ஆனாலும் வேறு பக்கம் மாற்றிக் கேளேன் என்றார். கேட்டாள். ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் நின்றுகொள் என்றார். பொம்மசந்திராவில் அவள் கணவன் முனிகிருஷ்ணன் வேலை பார்த்த கம்பெனி அப்போது நான்கு மாதமாகக் கதவடைத்துக் கிடந்தது. அவள் நிற்கவில்லை.

அந்த இரண்டும் எதனால் போயின என்று அவள் தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பான். அதற்குப் பிறகும் தினமும் கைகளைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு அடுத்தவர் குழந்தைகளைப் பிடித்தாள். ஒண்ணும் ஆகாதும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தான் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட அவள் நம்பவில்லை.

முனிகிருஷ்ணன் குடிக்காதவன், ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த விகாரைக்குப் போய் வருகிறவன். பெண்ணுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்தது அவன்தான். அவள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. 1997 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம், அவள் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை முதலில் பார்த்தவனும் அவன்தான். பத்து வயதுப் பெண். கேட்டால் முட்டி வலிக்கிறது என்றாள். எண்ணெய் தேய்த்தார்கள். போகவில்லை. உங்க ஆஸ்பத்திரியிலேயே காட்டிடேன் என்றான் முனிகிருஷ்ணன்.

ஜூலையில் ஒரு நாள் சின்னத்தாயி பெண்ணைக் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். வாரத்துக்கு மூன்று நாள் வந்து போகிற எலும்பு டாக்டர் வெங்கடராமன், சங்கமித்ராவைப் படுக்க வைத்துக் காலை மடக்கி மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். அவள் மேஜையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோளாறு முட்டியில் இல்லை, இடுப்பு மூட்டில் இருக்கும் போலிருக்கிறது என்று சொல்லி, இரண்டு இடுப்புக்கும் படம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கே எடுத்துக்கொண்டு வா ஆயா, உன் ரூம்தானே என்றார். வேலை செய்கிறவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அங்கே படம் இலவசம்.

சீட்டோடு எக்ஸ்ரே அறை வாசல்வரை போனாள். உள்ளே தியோடர் யாருக்கோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். சங்கமித்ரா பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த மேஜையில் தன் பெண்ணைக் கிடத்துவதையும், விளக்கின் சதுர வெளிச்சம் அவள் தொப்புளுக்குக் கீழே சரியாக வந்து விழுவதையும் சின்னத்தாயி மனசுக்குள் பார்த்தாள். அந்த வெளிச்சம் எங்கே விழும் என்று அவளுக்கு அளவெடுத்த மாதிரித் தெரியும். ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். பொம்பளப் பிள்ளைக்கு இடுப்பில் மட்டும் வேண்டாம் சார் என்று எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பியவள் அவள்தான்.

சார் இன்னிக்கு பிஸியா இருக்காரு, இன்னொரு நாள் எடுத்துக்கலாம் என்று சொல்லிப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பின்வாசல் வழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் சீட்டைக் கிழித்துப் போட்டாள். சாயங்காலம் முனிகிருஷ்ணனிடம், படம் எடுத்தாயிற்று, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, வளர்கிற வயசில் இப்படி வலிக்குமாம் என்றாள். அப்பா கேட்டா எடுத்தாச்சுன்னு சொல்லு, இல்லாட்டி என்னைத் திட்டும் என்று பெண்ணிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து டாக்டர் வெங்கடராமன் வராந்தாவில் பார்த்து, பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டார். சரியாயிடுச்சு சார் என்றாள்.

அந்தப் பொய் சும்மா கிடக்கவில்லை. படத்தில் ஒன்றும் இல்லை என்றால் பிறகு ஏன் நொண்டுகிறாள் என்று முனிகிருஷ்ணன் யோசித்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவோ என்று சந்தேகம் வந்தது. பிறகு அது பழகிப்போன கெட்ட நடை என்று முடிவு கட்டினான். கம்பெனியிலிருந்து வந்ததும் அவளை வாசலில் நிற்க வைப்பான். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொல்வான். நேரா நட, நடிக்காத என்பான். சங்கமித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு போய் வருவாள். ஐந்து தடவை, சில நாள் பத்து தடவை. சின்னத்தாயி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சாயங்காலமும் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் முந்தின நாளைவிடச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

தனக்குத் தெரிந்த மற்றதையெல்லாம் செய்தாள். ஆனேக்கல் பக்கம் எலும்புக்கு எண்ணெய்க் கட்டு போடுகிற ஒருவரிடம் மூன்று தடவை அழைத்துப் போனாள். முட்டை கொடுத்தாள். பெண் மெலிந்துகொண்டே வந்தாள். பொழுது சாய்ந்தால் உடம்பு சுடும். தூக்கத்தில் முனகுவாள். தொடை ஒரு பக்கம் சூம்பிப்போய்ப் பாவாடை கோணலாகத் தொங்க ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் மார்ச்சில் பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டாள், எழுந்து நிற்க முடியவில்லை. செய்தி கிடைத்து முனிகிருஷ்ணன் கம்பெனியிலிருந்து நேராக வந்து அவளைத் தூக்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே டாக்டர் விசாரித்தபோது, போன வருஷமே எக்ஸ்ரே எடுத்தோம், அதில் ஒன்றும் இல்லை என்றான். அந்த ஃபிலிமைக் கொண்டு வாருங்கள், இப்போது எடுப்பதோடு வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் அவன் அடுகோடிக்கு வந்தான். சின்னத்தாயி வேலையில் இருந்தாள். அவள் கையால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தான். அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே மேஜையில் தியோடர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தைக்குப் படம் எடுத்து முடித்திருந்தார். அதற்கு உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள் சின்னத்தாயி.

முனிகிருஷ்ணன் பெண்ணின் பெயரையும் மாதத்தையும் சொன்னான். தியோடர் ரிஜிஸ்டரில் ஜூலையைப் பார்த்தார். பிறகு ஜூன், ஆகஸ்ட்.

"இந்தப் பேரே இல்லீங்களே."

"உங்க ஆயா பொண்ணு சார். சின்னத்தாயி பொண்ணு. அவதான் கூட்டிக்கினு வந்தா."

தியோடர் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னத்தாயி பொண்ணுக்கு நான் படமே எடுத்ததில்ல."

அப்போது கதவு திறந்தது. ஒரு வயசுக் குழந்தை ஒன்று தோளில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருக்க, சின்னத்தாயி வெளியே வந்தாள். காத்திருந்த தாய் கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்து, ஏனூ ஆகல்லம்மா என்று சொல்லி முடித்த பிறகுதான் அவள் கணவனைப் பார்த்தாள். மேஜையில் விரித்துக் கிடந்த ரிஜிஸ்டரையும் பார்த்தாள்.

"எடுத்தியா, இல்லியா?" என்றான் முனிகிருஷ்ணன். குரலை உயர்த்தவில்லை.

"இல்ல."

"ஏன்?"

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "இந்த ரூமாலதான் எனக்கு ரெண்டு போச்சு. அவளும் நாளைக்குப் புள்ள பெக்க வேணாமா?"

அவன் அந்தத் தாயின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான்.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்களையெல்லாம் புடிச்சிக் குடுத்தியே. நம்ம புள்ளய நடிக்கிறாள்னு என் வாயால சொல்ல வெச்சிட்ட."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தியோடர் ரிஜிஸ்டரை மூடினார். அடுத்த குழந்தையின் சீட்டு மேஜைமேல் இருந்தது. சின்னத்தாயி அதை எடுத்துக்கொண்டு பெயரைக் கூப்பிட்டாள்.

இ.எஸ்.ஐ.யில் அன்றைக்கே படம் எடுத்தார்கள். எலும்பு டி.பி. இடுப்பு மூட்டை அரித்துவிட்டிருந்தது. எட்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் மாத்திரையும் ஓய்வுமே மூட்டைக் காப்பாற்றியிருக்கும் என்று அந்த டாக்டர் முனிகிருஷ்ணனிடம் சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. காலில் எடை கட்டி இழுத்து வைத்துப் பத்து வாரம் படுக்கையில் இருந்தாள் சங்கமித்ரா. மாத்திரை ஒன்றரை வருஷம். நோய் போயிற்று. மூட்டு அப்படியே இறுகிவிட்டது. இடது கால் இரண்டு அங்குலம் குட்டை.

அந்தப் பத்து வாரத்தில் ஒரு நாள் முனிகிருஷ்ணன் பெண்ணின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் நடக்க விட்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டான். சின்னத்தாயி வார்டு வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு அவன் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வீட்டை விட்டுப் போகவில்லை, கையை நீட்டவில்லை, அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். அவளிடம் நேராகப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். அம்மாகிட்ட சொல்லு என்பான் பெண்ணிடம், அம்மா எதிரிலேயே இருப்பாள்.

சங்கமித்ரா ஒரே ஒரு தடவை கேட்டாள். "நீ வேலை செய்ற எடம்தானம்மா. கதவுக்குப் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்." பிறகு கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னத்தாயி தியோடரிடம் மனசில் இருந்ததைக் கேட்டாள். என் வயிற்றில் கலைந்ததெல்லாம் இதனாலதானா சார், உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். இடுப்புக்கு ஒரு படம் எடுப்பது ரொம்பக் கம்மி, அதனால் உன் பெண்ணுக்கு எதுவும் வந்திருக்காது என்று அவர் முதலில் சொன்னார். அவளைப் பற்றிக் கேட்டதற்குப் பிறகு பதில் சொன்னார்.

"ஆமான்னு சொல்ல எனக்குத் தெரியாது ஆயா. இல்லன்னு சொல்லவும் தெரியாது. ஆனா எங்க வீட்டுக்காரி பெட்டிய ஒரு நாளும் இந்த ரூமுக்குள்ள விட்டதில்ல நான்."

பெட்டியும் அதே நர்ஸிங் ஹோமில்தான் மருந்துக் கவுண்டரில் இருந்தாள். இதைச் சொல்லும்போது தியோடர் சின்னத்தாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழு வருஷம் அவள் அவரோடு வேலை பார்த்திருந்தாள்.

2000ல் எக்ஸ்ரே அறையைச் சோதிக்க அரசாங்க ஆட்கள் வந்து போனார்கள். அடுத்த வாரமே புது ஏப்ரன் மூன்று வந்தது. குழந்தையைப் பெற்றோரே பிடிக்க வேண்டும், ஊழியர்கள் பிடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். சின்னத்தாயியைத் துணி மடிக்கிற அறைக்கு மாற்றினார்கள். ஒன்பது வருஷத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீஸில் இருந்தவர், நீ கேட்ட மாதிரியே மாற்றிவிட்டோம் பார் என்றார்.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற இளம் தம்பதிகள் கார்களில் வந்தார்கள். சோபாவிலிருந்து விழுந்த குழந்தைக்குத் தலை ஸ்கேன் வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். தேவையில்லை, வீட்டில் வைத்துக் கவனித்தால் போதும் என்று சொன்ன டாக்டரை விட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கிற வேறு இடத்துக்குப் போனார்கள். அதே மாதிரிக் கார்களில் வந்த வேறு சிலர், இன்டர்நெட்டில் படித்துவிட்டு ஒரு பல் எக்ஸ்ரேக்குக்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

2004ல் அப்படி வந்தவள் பிரபா. சேலத்துப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவளுடைய ஆறு வயதுப் பெண் மூன்று வாரமாக ஒரு பக்கம் தாங்கி நடந்தாள். டாக்டர் வெங்கடராமன் இடுப்புக்குப் படம் எழுதியிருந்தார். பிரபா மாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். தலைமை நர்ஸ் பிரிஜெட்டுக்குச் சின்னத்தாயி வீட்டு விஷயம் தெரியும். துணி அறைக்கு வந்து, நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லேன், உன் பேச்சைக் கேட்டாலும் கேட்பாள் என்று கூப்பிட்டாள்.

சின்னத்தாயி அந்தக் கதையை அதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சீட்டைக் கிழித்தது, பொய் சொன்னது, பெண்ணைத் தெருவில் நடக்கவிட்டது, இரண்டு அங்குலம். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிரபா கேட்டதால் வயிற்றில் கலைந்த இரண்டையும் சொன்னாள். பிரபா கண் கலங்கக் கேட்டாள். முடித்ததும் சின்னத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மாசத்துல ஆன்ட்டி?"

"மொதல்ல மூணு. அப்பறம் அஞ்சு."

பிரபா தன் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். "சும்மா புடிச்ச உங்களுக்கே இப்படின்னா, இவ மேலயே நேரா பட்டா என்ன ஆகும்?" என்றாள். உண்மையைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி என்றும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு, பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரிஜெட்டுக்குக் கோபம். அந்த ரெண்டைப் பற்றி ஏன் சொன்னாய், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றாள். அதுவும் நடந்ததுதானே சிஸ்டர் என்றாள் சின்னத்தாயி.

அன்று வீட்டுக்குப் போய் இதைச் சங்கமித்ராவிடம் சொன்னாள். சங்கமித்ராவுக்குப் பதினேழு வயது. ஒரு பக்கம் அடி உயர்த்திய செருப்பு போட்டுக்கொண்டு பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவங்க போன் நம்பர் ஆஸ்பத்திரியில் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துப் பிரிஜெட் சொல்லித்தான் சின்னத்தாயிக்கு மீதி தெரிந்தது. சங்கமித்ரா நர்ஸிங் ஹோமுக்கு வந்து, பிரிஜெட்டைக் கெஞ்சி நம்பர் வாங்கி, அங்கிருந்தே பேசியிருக்கிறாள். நான்தான் அந்தப் பெண் என்று சொல்லியிருக்கிறாள். எங்கே சொன்னாலும் நேரில் வருகிறேன், என் நடையை நீங்களே பாருங்கள் என்றிருக்கிறாள். பிரபா மரியாதையாகத்தான் பேசினாளாம். இந்திரா நகரில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் காட்டுவதாகவும், இப்போது பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாளாம். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

சங்கமித்ரா இதை வீட்டில் சொல்லவில்லை. சின்னத்தாயியும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை திரும்ப வரவில்லை. வேறு எங்காவது எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருந்திருக்கலாம். சின்னத்தாயி 2009 வரை துணி அறையில்தான் இருந்தாள். வராந்தாவில் எந்தத் தாய் உட்கார்ந்து அழுதாலும் பேசிப்பார்க்க இவளைப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.